சுங்கானில் ஊறிய பழைய வாடையைப் போக்குவது எப்படி: கொழும்பு ஈரத்துக்கு ஏற்ற வழிமுறை

போன ஐப்பசி மழையில் மருமகன் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தான். பெட்டிக்குள் பழைய பெனியன் துணி, துணிக்குள் புகையிலை பிடிக்கும் ஒரு சுங்கான். அவனுடைய தாத்தா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, சீமைக்குத் திரும்பிய துரை தன்னுடைய சுங்கானையும் பாதி தீர்ந்த புகையிலை டின்னையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா காலமான பிறகு அது அலுமாரியின் அடித்தட்டுக்குப் போனது. யாரும் தொடவில்லை.

“மாமா, இதுல என்னதான் மணக்குதுன்னு நீங்களே பாருங்க.”

மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் வந்தது பூச்சி உருண்டை. அதற்கடியில் பூஞ்சணம் பிடித்த நெடி. இரண்டுக்கும் அடியில், இத்தனை வருடம் கழித்தும் அழியாமல், ரோஜா சவர்க்காரம்.

அந்த மூன்றாவது மணம் எனக்குத் தெரிந்ததுதான். இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகள் நிறைந்த பகுதி ஒன்று உண்டு. கெண்டல் என்ற பட்டணத்தைச் சுற்றிப் புகையிலைத் தொழில் வளர்ந்த இடம். புகையிலையில் ஜெரேனியம், டோங்கா விதை போன்றவற்றின் வாசனையைச் சேர்ப்பது அங்குள்ள பழைய வழக்கம். சுங்கான் பிடிப்பவர்கள் மிகவும் அஞ்சுவது இந்த வாசனைக்குத்தான். ஒருமுறை ஊறிவிட்டால் பிறகு எந்தப் புகையிலையை நிரப்பினாலும் அதுதான் முன்னுக்கு வரும். கருவாடு வைத்த சட்டியில் பால் காய்ச்சியது போல.

தொடங்குவதற்கு முன் அவனிடம் ஒன்று கேட்டேன்: “இதைப் பிடிக்கப் போகிறாயா, தாத்தா ஞாபகமாக வைத்திருக்கப் போகிறாயா?” உங்களிடமும் அதைத்தான் முதலில் கேட்பேன். வைத்திருக்கத்தான் என்றால் உள்ளே கைவைக்காதீர்கள். வெளிப்பக்கத்தை மென்மையான துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், போதும். உள்ளே ஊறிய மணத்தை எடுத்த பிறகு திருப்பி வைக்க முடியாது. எப்போதாவது ஒருநாள் பிடிக்க வேண்டும் என்றான், வயது 28, அவன் முடிவு. இன்னொன்றையும் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இழுக்காமல் வாயில் மட்டும் வைத்துப் பிடித்தாலும் சுங்கான் புகை வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வழி வைக்கும். சுத்தம் செய்த சுங்கான் சுவையாக இருக்குமே ஒழிய உடம்புக்கு நல்லதாகிவிடாது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கவும் கூடாது.

வாடை எங்கே உட்கார்ந்திருக்கிறது

சுங்கானுக்கு மூன்று பாகம். புகையிலை நிரப்பும் கிண்ணம். கிண்ணத்திலிருந்து நீளும் மரக் கழுத்து. கழுத்துக்குள் செருகும் வாய்க்குழல். வாய்க்குழலின் முனையில் ஒரு முளை இருக்கும், அது கழுத்திலுள்ள குழிக்குள் இறுக்கமாக உட்காரும்.

புதிதாக வருபவர்கள் வாடை என்றதும் கிண்ணத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். கிண்ணத்தின் உட்சுவரில் கருகிப் படிந்த கரிப்படை வாடையைப் பிடித்துவைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் சுத்தம் செய்த சுங்கான்களில் மோசமான வாடை பெரும்பாலும் கழுத்துக்குள்தான் இருந்தது. புகை குளிர்ந்து நீராகவும் தாராகவும் படிவது அங்கேதான். குறிப்பாக முளையின் முனைக்கும் குழியின் அடிக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி விழும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. வருடக்கணக்கான தார் அங்கே தேன்பாகு மாதிரி திரண்டு கிடக்கும். கிண்ணத்தை எவ்வளவு சுரண்டினாலும் இந்த இடத்தைத் தொடாவிட்டால் பலன் இல்லை.

அதனால்தான் முதல் நாளே உப்பும் ஸ்பிரிட்டும் (வலுவான அற்ககோல்) கொட்டி ஊறவைக்கும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. மென்மையான வேலையில் தொடங்கி, வாடை மிச்சமிருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போக வேண்டும். பாதி வழியிலேயே வேலை முடிந்துவிடுவதும் உண்டு.

என்ன பொருளில் செய்தது என்று பாருங்கள்

மரச் சுங்கான்களில் மிகப் பெரும்பாலானவை பிரையர். மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டு அது. நெருப்புக்கு எளிதில் எரியாத, இறுகிய மரம். முண்டை மணிக்கணக்காக அவித்து, மாதக்கணக்காக உலரவிட்டுத்தான் கடைவார்கள். பிரான்ஸின் சென் குளோட் என்ற மலைப்பட்டணம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இதற்குப் பேர்போனது. இந்தக் கட்டுரையில் சொல்லும் முழு முறையும் பிரையருக்கு மட்டும்தான்.

வெள்ளையாகவோ தேன் நிறமாகவோ, கல் மாதிரி இருந்தும் கையில் இலேசாக இருந்தால் அது மீர்ஷாம். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கும் மென்மையான கனிமம். வெளியே தேன்மெழுகு பூசியிருப்பார்கள். அதில் உப்பும் வேண்டாம், ஸ்பிரிட்டில் ஊறவைப்பதும் வேண்டாம், ஓவனும் வேண்டாம். உலர்ந்த துணியால் கிண்ணத்தைத் துடைத்து, கழுத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள். சோளப்பொத்தியில் செய்ததென்றால் மனதைத் தேற்றிக்கொண்டு புதிது ஒன்று வாங்கலாம், அது மலிவான பொருள், ஈரம் பட்டால் உப்பிவிடும்.

வாய்க்குழலையும் பாருங்கள். பழைய சுங்கான்களில் அது பெரும்பாலும் வல்கனைட், அதாவது றப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்த பொருள். பழசானால் பச்சையும் மண்ணிறமுமாக மங்கும். பளபளவென்று, நிறம் மாறாமல், பல்லில் பட்டால் கடினமாக இருந்தால் அக்ரிலிக். இந்த வேறுபாடு முக்கியம். அக்ரிலிக்கில் ஸ்பிரிட் பட்டால் முடிபோன்ற வெடிப்புகள் விழலாம். அதற்கு இளஞ்சூட்டு நீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும்.

என்ன வாங்குவது, எதைத் தொடக்கூடாது

தாரைக் கரைக்க அற்ககோல் தேவை. எந்த அற்ககோல் என்பதில்தான் ஆபத்து.

வீட்டில் இருக்கிறதே என்று சாராயத்தை எடுப்பவர்கள் உண்டு. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் மரத்துக்குள் போய் உப்பவைக்கும், சாராயத்தின் சொந்த மணமும் தங்கிவிடும். பிறகு அதைப் போக்க இன்னொரு சுத்தம். நிறமில்லாத வொட்கா கழுத்தைத் துடைக்க மட்டும் உதவும், ஏனென்றால் திரியில் தொட்டுத் துடைக்கும்போது மரத்தில் படும் அளவு மிகக் குறைவு. போயா தினத்தில் மதுக்கடை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தை ஊறவைக்க 90 சதவீதத்துக்கு மேல் வலுவுள்ளது வேண்டும். குடிக்கத்தக்க வலுவான ஸ்பிரிட் கிடைத்தால் அதுதான் சிறந்தது. ஆனால் ரொறன்ரோவிலிருந்து வரும் அண்ணனிடம் ஒரு போத்தல் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 70 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, கொண்டுவர அனுமதியில்லை. நான் பயன்படுத்துவது 99 சதவீத ஐசோப்ரொப்பில் அற்ககோல், வேலையைச் சொல்லும்போது ஸ்பிரிட் என்று கீழே எழுதுவது இதைத்தான். கைபேசி திருத்தும் ஆட்கள் சர்க்கிட் துடைக்க வைத்திருப்பது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலெக்ட்ரோனிக் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். போத்தலில் வேறு சேர்மானம் எதுவும் எழுதியிருக்கக் கூடாது. இது குடிக்கும் பொருள் அல்ல, நஞ்சு. முழுவதும் ஆவியாகிப் போன பிறகுதான் சுங்கானை வாயில் வைக்கலாம். உலர்த்தலைப் பற்றிக் கீழே நீட்டி எழுதியிருப்பது அதற்காகத்தான்.

தொடவே கூடாதவை: மெதிலேட்டட் ஸ்பிரிட், அதில் மெதனோலும் சாயமும் கலந்திருக்கும். பாமசியில் விற்கும் சத்திரசிகிச்சை ஸ்பிரிட், எண்ணெயும் மருந்து மணமும் சேர்ந்த வகைகள் உண்டு. கைகழுவும் ஜெல், அதிலுள்ள கிளிசரின் மரத்திலேயே தங்கிவிடும். தின்னர், பெற்றோல், நகப்பூச்சு நீக்கி, குளோரின், பாத்திரம் கழுவும் திரவம். கசிப்பு எந்த நிலையிலும் வேண்டாம்.

நெருப்பைப் பற்றி ஒன்று. ஐசோப்ரொப்பில் அற்ககோலின் ஆவி சுமார் 12 பாகை செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். கொழும்பில் நடுச்சாமத்தில்கூட அதைவிட வெக்கை. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். நம் வீடுகளில் அடுப்பை நினைவில் வைப்பார்கள், சாமி விளக்கையும் நுளம்புச் சுருளையும் மறந்துவிடுவார்கள். மேசைக்கடியில் சுருள் புகைந்துகொண்டிருக்கும்போது போத்தலைத் திறக்காதீர்கள். யன்னலைத் திறந்து வைத்து, சிறு கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி, போத்தலை உடனே மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

மற்றவை எளிது. உண்மையான பைப் கிளீனர் பருத்தி இழை சுற்றிய கம்பி. புத்தகக் கடையில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் நிறநிறமான பஞ்சுக்கம்பி அதற்கு மாற்றல்ல. அது செயற்கை இழை, தாரை உறிஞ்சாது, சாயமும் இறங்கும். நல்லது கிடைக்காவிட்டால் செட்டியார் தெருப் பூசைச் சாமான் கடையில் நீளமான பருத்தி விளக்குத் திரி வாங்குங்கள். மெல்லிய செம்புக் கம்பியை மடித்து, மடிப்புக்குள் திரியைக் கோத்து இழுத்தால் அருமையாக வேலை செய்யும். இதோடு மருந்துப் பஞ்சு, காதுக்குச்சி, ஊசியில்லாத சிரிஞ்ச், கையுறை, முகக்கவசம், 220 இலக்கச் சாண்ட் பேப்பர். கையுறையை விட்டுவிடாதீர்கள், பழைய தாரில் நிக்கொட்டின் இருக்கிறது, அற்ககோலில் கரைந்தால் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

வேலை

முதலில் காற்று. பூச்சி உருண்டை மணம் பிடித்த சுங்கானுக்கு இது கட்டாயம். நாப்தலீன் திண்மமாக இருந்தே நேரடியாக ஆவியாகும் பொருள், அதனால் நேரம் கொடுத்தால் தானே போகும். வாய்க்குழலைக் கழற்றி, நிழலில், காற்றாடிக்குக் கீழே இரண்டு கிழமை வைத்தேன். வெயிலில் வைக்கக் கூடாது, மரம் வெடிக்கும், வல்கனைட் பச்சையாகும். இரண்டு கிழமையில் பூச்சி உருண்டை ஏறக்குறையப் போய்விட்டது. ஒரு துளி ஸ்பிரிட் செலவில்லை.

வாய்க்குழலைக் கழற்றும்போது நேராக இழுக்காதீர்கள். மெதுவாகத் திருகிக்கொண்டே இழுங்கள். பிடித்த சூட்டோடு ஒருபோதும் கழற்றாதீர்கள், கழுத்து வெடிக்கும். தார் ஒட்டி இறுகியிருந்தால், பொலித்தீன் பையில் கட்டி அரைமணி நேரம் பிரிஜ்ஜின் உறைபெட்டியில் வைத்தெடுத்துத் திருகிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் கழுத்துக்குள் நாலைந்து துளி ஸ்பிரிட் விட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். பலத்தைக் காட்டினால் முளை உள்ளே முறிந்து நிற்கும், அதை எடுப்பது தனி வேலை.

அப்புறம் கரிப்படை. வழக்கமான பாவனைக்கு ஒரு மில்லிமீற்றர், ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் கரிப்படை இருப்பது நல்லது, மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். ஆனால் வாடையைப் போக்கும்போது ஏறக்குறைய முழுவதையும் எடுக்க வேண்டும். கூர்க்கத்தி வேண்டாம். உருண்ட முனையுள்ள மொட்டைக் கத்தியால் தடித்த பகுதியைத் தளர்த்திவிட்டு, மீதியைக் கிண்ணத்தின் அளவுக்குச் சரியான ஒரு மரக்குச்சியில் சாண்ட் பேப்பரைச் சுற்றித் தேய்த்தெடுங்கள். முகக்கவசத்தோடு, பழைய பத்திரிகை விரித்து. உள்ளே மண்ணிற மரம் தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் தேய்த்தால் மரம் மெலியும், மெலிந்த இடத்தில் பிறகு எரிந்து ஓட்டை விழும். கிண்ணத்தின் அடிப்பகுதியில் காற்றுத் துளை திறக்கும் இடத்தில் இன்னும் கவனம்.

இப்போது கழுத்து. நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம் இது. திரியை ஸ்பிரிட்டில் தொட்டு, துளி சொட்டாமல் பிழிந்துவிட்டு, கழுத்துக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். கறுப்பாக வரும். அடுத்தது, கறுப்பு. அடுத்தது, மண்ணிறம். இரண்டு ஈரத் திரிக்கு ஒரு உலர்ந்த திரி என்று மாறி மாறிப் போனால் கரைந்த தார் திரும்ப மரத்தில் ஊறாது. அந்த மறைவான குழிக்குக் காதுக்குச்சிதான் சரி. குழியின் சுவரோரமாக அழுத்திச் சுழற்றுங்கள். அடியில் இறுகிய தார் இருந்தால் 3.5 மில்லிமீற்றர் துளைக்கம்பியைக் கையால் மட்டும், மிக மெதுவாகச் சுழற்றிச் சுரண்டலாம். மிசினில் பூட்டக் கூடாது. துரையின் சுங்கானுக்கு இருபத்தாறு திரியும் ஒரு பெட்டிக் காதுக்குச்சியில் பாதியும் போயின. கடைசித் திரி வெள்ளையாக வந்தபோதுதான் நிறுத்தினேன்.

இந்த இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். பிறகு மூக்கில் வைத்துப் பாருங்கள். சாதாரண வனிலா, செரி வாசனைப் புகையிலையின் வாடை என்றால் இந்தக் கட்டத்திலேயே மறைந்திருக்கக்கூடும். மறைந்திருந்தால் இத்துடன் நிறுத்திவிட்டு உலர்த்தும் பகுதிக்குப் போங்கள். எங்களுடையதில் பூஞ்சண நெடி போயிருந்தது. ரோஜா அப்படியே இருந்தது. விறகுப் புகையில் பதப்படுத்தும் லட்டாக்கியாப் புகையிலையின், பதனிட்ட தோல் போன்ற வாடையும் இதே போல இலேசில் விடாது.

ஈரமில்லாத முறை: கரி

ஸ்பிரிட்டில் ஊறவைப்பதற்கு முன் நான் செய்வது இது. செயல்தூண்டிய கரி என்று ஒன்று உண்டு. சிரட்டைக் கரியை நீராவியோடு கடும் சூட்டில் பதப்படுத்தி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் விழச் செய்தது. வாடை மூலக்கூறுகள் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். இலங்கை இதை உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிறது. நமக்குச் சுலபமாகக் கிடைப்பது மீன்தொட்டிக் கடையில், வடிகட்டிக்குள் போடும் கறுப்பு மணிகளாக. அடுப்பில் எரிந்த சாதாரணச் சிரட்டைக் கரிக்கு இந்தச் சக்தி இல்லை.

வாய்க்குழலைக் கழற்றி அப்பால் வையுங்கள். இதை மறந்தால் அது வளைந்து உருகும். கழுத்துக்குப் பசையால் ஒட்டிய வெள்ளி வளையமோ பிளாஸ்டிக் பகுதியோ இருந்தால் இந்த முறையே வேண்டாம். கிண்ணத்தில் கரிமணியைத் தளர்வாக விளிம்புவரை நிரப்பி, குளிர்ந்த ஓவனில் வைத்து, 100 பாகைக்கு மெதுவாக ஏற்றி, இரண்டரை மணி நேரம் விடுங்கள். பிறகு ஓவனை நிறுத்தி, கதவைத் திறக்காமல், உள்ளேயே ஆறவிடுங்கள். சிறிய வீட்டு ஓவன்களின் முள்ளை நம்ப முடியாது, 100 என்று காட்டிக்கொண்டு 130இல் நிற்கும். தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள். வெளி மெழுகு மங்கும், பிறகு மெருகேற்றிக்கொள்ளலாம்.

ஒழுங்கு முக்கியம்: கரி முதலில், ஸ்பிரிட் பிறகு. ஸ்பிரிட் பட்ட சுங்கானை ஓவனில் வைப்பது மூடிய பெட்டிக்குள் எரியும் ஆவியை நிரப்புவதற்குச் சமம். கழுத்தைத் துடைத்த பிறகு நான்கைந்து நாளாவது காயவிட்டு, ஸ்பிரிட் மணம் துளியும் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஓவனுக்குப் போக வேண்டும்.

ஓவன் ஆறும்போது குசினி முழுக்க ரோஜா மணந்தது. மனைவி கதவைத் திறந்து என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு அது நல்ல அடையாளமாகப் பட்டது, உள்ளே இருந்தது வெளியே வந்துகொண்டிருந்தது.

ஊறவைப்பது: உப்பு வேண்டாம், பஞ்சு

கரிக்கும் அசையாத வாடைக்குக் கடைசி மருந்து ஸ்பிரிட்டில் ஊறவைப்பது. வழமையாகச் சொல்லும் முறை கிண்ணத்தில் கல்லுப்பை நிரப்பி ஸ்பிரிட்டை விடுவது. ஸ்பிரிட் தாரைக் கரைக்கும், உப்பு அதை உறிஞ்சும். குளிர்ந்த, வறண்ட நாடுகளில் இது பலருக்குச் சரிவந்திருக்கிறது. கொழும்பில் நான் செய்யமாட்டேன்.

காரணம் நம் குசினியிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் உப்புப் போத்தல் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான உப்பே காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். கொழும்பின் காற்று வருடத்தின் பெரும்பகுதி அந்த 75ஐச் சுற்றியோ அதற்கு மேலோதான் நிற்கிறது. மரத்தின் நுண்துளைகளுக்குள் கொஞ்சம் உப்பு இறங்கிவிட்டால், மழை நாளில் நீரை இழுத்து மரத்தை உப்பவைக்கும், ஏசி அறையில் வறண்டு படிகமாகி நெருக்கும். இப்படி மாறி மாறி நடந்தால் மரத்தில் வெடிப்பு விழ வழியுண்டு. பஞ்சு அந்த வேலையை எதையும் மிச்சம் வைக்காமல் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

செய்யும் விதம்: கிண்ணத்தின் விளிம்பிலும் வெளிப்பக்கத்திலும் மெல்லிதாக வாசனையில்லாத பெற்றோலியம் ஜெல்லி தடவுங்கள், ஸ்பிரிட் வழிந்தால் சாயம் போகாது. கழுத்துத் துளையில் உலர்ந்த திரியை முழு நீளத்துக்கும் செருகுங்கள். கிண்ணத்தில் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள், இறுக்கி அமுக்க வேண்டாம். முட்டைத் தட்டின் குழியொன்றில், கிண்ணம் நேராகவும் கழுத்து சற்று மேல்நோக்கியும் இருக்கும்படி நிறுத்துங்கள். சிரிஞ்சால் துளித்துளியாக, பஞ்சு நனைந்து விளிம்புக்குக் கீழே ஈரம் தெரியும்வரை விடுங்கள். இருபது நிமிடத்தில் மட்டம் இறங்கும், கொஞ்சம் கூட்டுங்கள். பிறகு பிள்ளைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத, நெருப்பில்லாத இடத்தில் இரவு முழுக்க விடுங்கள்.

காலையில் பஞ்சு தேயிலைச் சாயம் நிறத்தில் இருக்கும். எடுத்துவிட்டு உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். கழுத்தைத் திரும்பவும் திரியால் சுத்தம் செய்யுங்கள், கரைந்த தார் அங்கே இறங்கியிருக்கும். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டாம் தடவை. பஞ்சு வெளிர் மஞ்சளாக வந்தால் போதும். மூன்று தடவைக்கு மேல் போகாதீர்கள். கழிவுப் பஞ்சில் நிக்கொட்டினும் எரியும் ஆவியும் இருக்கிறது, வெளியில் காயவிட்டு, பொலித்தீனில் கட்டி எறியுங்கள்.

இன்னொரு வழியாக, கிண்ணத்துக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். நன்றாக வந்ததென்று சொல்பவர்களை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய வீட்டில் மரம் ஒரே நாளில் காயும். நம் வீட்டில் துவாயே காய்வதில்லை.

உலர்த்துவது

சுத்தம் செய்வது இரண்டு இரவு. உலர்த்துவது பத்து நாள். பொறுமையில்லாமல் நான்காம் நாள் பற்றவைத்துத்தான் பலர் சுங்கானைக் கெடுக்கிறார்கள். மேற்பரப்பில் காய்ந்த மாதிரித் தெரியும், மரத்தின் நடுவில் ஈரம் இருக்கும். பற்றவைத்தால் அந்த ஈரம் ஆவியாகி மரத்தைப் பிளக்கும். ஐசோப்ரொப்பில் மிச்சமிருந்தால் அது உங்கள் வாய்க்கும் போகும்.

காய்ந்ததா என்று மூக்காலும் கையாலும் சொல்ல முடியாது. தராசு சொல்லும். நகைக் கடையில் வைத்திருப்பது போன்ற சிறு டிஜிட்டல் தராசு இப்போது மலிவு, 0.1 கிராமைக் காட்டினால் போதும். வாய்க்குழல் இல்லாமல் கிண்ணத்தை மட்டும் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். துரையின் சுங்கான் முதல் நாள் 43.9 கிராம். மூன்றாம் நாள் 42.6. ஆறாம் நாள் 41.8. ஒன்பதாம் நாள் 41.4. பத்தாம், பதினோராம், பன்னிரண்டாம் நாட்களில் 41.3, அசையவில்லை. மூன்று நாள் ஒரே எடை நின்றால் காய்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இடம் என்றால் ஏசி அறை நல்லது. இல்லாவிட்டால் மூடியுள்ள பெரிய டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றோடு வையுங்கள். முதல் இரண்டு நாள் மட்டும் மூடக் கூடாது, ஆவி போக வேண்டும். முடி உலர்த்தும் மிசின், வெயில், அடுப்பங்கரை எதுவும் வேண்டாம்.

காத்திருக்கும் நாட்களில் வாய்க்குழல்

பச்சையேறிய வல்கனைட்டின் சுவை கசப்பும் கந்தகமுமாக இருக்கும். இதைப் பழைய புகையிலையின் வாடை என்று நினைத்துக் கிண்ணத்தைத் தண்டித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 800 இலக்க நீர்ச் சாண்ட் பேப்பரில் தொடங்கி 2000 வரை, தண்ணீர் தொட்டுத் தொட்டு, பச்சை போய்க் கறுப்புத் தெரியும்வரை தேயுங்கள். கழுத்தோடு சேரும் விளிம்பை ஒரு தாள் வளையத்தால் மறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு மழுங்கி இடைவெளி விழும். கொதிநீர் பட்டால் இன்னும் மங்கும். உள்துளையைத் திரியால் சுத்தம் செய்யுங்கள். கடைசியில் ஒரு சொட்டு ஒலிவ் எண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

முதல் சில தடவை

வர்ஜீனியா, பேர்லி போன்ற வாசனை சேர்க்காத புகையிலை வகை ஒன்றைப் பாதிக் கிண்ணம் மட்டும் நிரப்பி, மெதுவாக, சூடேறாமல் பிடிக்க வேண்டும். கரிப்படை முழுக்க எடுத்த கிண்ணம் இது, மரம் நேரடியாகச் சூட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் ஆறவிடுங்கள். யாழ்ப்பாணப் புகையிலையை நறுக்கிப் போடலாமா என்று மருமகன் கேட்டான். அது சுருட்டுக்கும் வெற்றிலைக்கும் உரியது, சுங்கானுக்கு மிகக் காட்டம், அதுவும் ஒரு புது வாடையாகத் தங்கும். முதல் தடவையில் ரோஜா இலேசாக எட்டிப்பார்த்தது, மூன்றாம் தடவையில் இல்லை.

பிடித்து முடித்து முழுதாக ஆறியதும் ஒரு திரியைக் கழுத்துவரை விட்டு இழுங்கள். குறைந்தது ஒரு நாள் ஓய்வு கொடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு நாள். வாசனைப் புகையிலைக்கு ஆசைப்பட்டால் அதற்கென்று தனியாக ஒரு சுங்கான் வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடத்தையும் பாருங்கள். மருமகன் புறப்படும்போது சுங்கானைத் திரும்பவும் அந்தப் பெனியன் துணியில் சுற்றி, அந்தச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனான். பெட்டியை வாங்கி அவனிடமே நீட்டி, மணந்து பார் என்றேன். அட்டை முழுக்கப் பூச்சி உருண்டை. பெட்டியும் துணியும் குப்பைக்குப் போயின. சுங்கானைப் புதுப் பருத்தித் துணியில் சுற்றி, அவன் சட்டைப் பைக்குள் வைத்து அனுப்பினேன்.